ரத்தம் பார்க்கிறவள்

பரமசிவனின் உடம்பில் எந்த இடத்தில் தோல் எப்படி இருக்கிறதென்று அவனைவிட அவன் பெண்டாட்டி முத்துமாரியம்மாளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவன் தன் முதுகைப் பார்த்ததில்லை. அவள் தினமும் பார்த்தாள். இடுப்பு மடிப்பில் முதன்முதலாக ஒரு வெற்றிலை அகலத்துக்குச் சிவந்து தடித்ததைக் கண்டவளும் அவள்தான். சொறி என்றார்கள், படை என்றார்கள், தோட்டத்தில் வெயிலில் கிடக்கிற உடம்பு, வேர்வைக்கு அப்படித்தான் வரும் என்றார்கள். கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிப் பார்த்தாள். கரப்பான் பண்டமென்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் வீட்டு வாசல் ஏறவிடவில்லை. படை ஒரு வருஷம் அடங்கும், மறுவருஷம் வேறொரு இடத்தில் கிளம்பும். இப்படியே காலம் ஓடி, எண்பத்திரண்டாம் வருஷத்துக் கோடையில் அவன் தலை முதல் கால்வரை ஒரே சிவப்பாகிப் போனான்.

அரிப்பு என்றால் அப்படியொரு அரிப்பு. கிணற்றடிக் கல்லில் முதுகைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்வான். உள்ளங்காலும் உள்ளங்கையும் தடித்து, கரிசல் நிலம் கோடையில் வெடிப்பதுபோல் வெடித்தன. காலையில் அவன் எழுந்துபோன பாயில் தவிடு கொட்டின மாதிரி தோல் செதில் உதிர்ந்து கிடக்கும். முத்துமாரி விளக்குமாற்றால் கூட்டமாட்டாள். விளக்குமாறு படுவது மரியாதையில்லை என்று அவளுக்குத் தோன்றும். ஈரத்துணியால் ஒற்றியெடுத்துப் பாயை வெயிலில் போடுவாள்.

சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகிற ரோட்டில் அவர்களுக்கு ஒரு கிணறும் அதைச் சுற்றிப் பூந்தோட்டமும் இருந்தன. செவல் நிலம். பாதிக்குமேல் பிச்சி, வரப்போரம் கேந்தியும் கோழிக்கொண்டையும். பிச்சி மொட்டு விரியுமுன்னால் பறித்தாக வேண்டும். விடிந்து வெயில் ஏறுவதற்குள் மடியை நிரப்பி, ஈரச் சாக்கில் கொட்டி, டவுனுக்குள் பூக்கடைக்குப் போய்ச் சேர வேண்டும். முன்பெல்லாம் இரண்டுபேரும் ஆளுக்கொரு வரிசையாகப் பறிப்பார்கள். பரமசிவனின் கை வெடித்த பிறகு அவன் மொட்டைத் தொட்டால் வெள்ளை மொட்டில் ரத்தம் ஒட்டியது. அதோடு அவன் பறிக்கிறதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதோடு நின்றுகொண்டான். கரண்டு எந்த நேரம் வருகிறதோ அந்த நேரம் பம்புசெட்டைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு நிற்பான்.

சொந்தக்காரர்கள் பெரிய வியாதி, குஷ்டம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவனுடைய அக்காள் முப்பிடாதியம்மாள் பொங்கலுக்கு வந்தபோது தம்பிக்கு மட்டும் இலையைத் தள்ளிப் போட்டாள்; தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். முத்துமாரி அந்தச் செம்பை எடுத்து, அவன் குடித்து வைத்த மிச்சத்தை எல்லோரும் பார்க்கத் தானே அண்ணாந்து குடித்தாள். ராயகிரியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் கோமதித்தாய்கூட அப்பாவின் பக்கத்தில் உட்காரும்போது சேலையை ஒதுக்கிக்கொள்வாள். யார் தொடாவிட்டாலும் முத்துமாரி தொட்டாள். தேங்காயெண்ணெயில் குப்பைமேனியைப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, தினம் சாயங்காலம் அவனை முக்காலியில் உட்காரவைத்துத் தலையிலிருந்து பாதம்வரை தேய்ப்பாள். அவள் கை பட்டால் கொஞ்சநேரம் அரிப்பு அடங்கும். அவன் கண்ணை மூடிக்கொள்வான். ஊரில் எந்தப் பெண்ணுக்கும் புருஷனிடம் இப்படியொரு பாத்தியதை கிடையாதென்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. வெளியே சொல்ல முடியாத பெருமை.

பூ வியாபாரி பிச்சையாதான் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே ஒரு தோல் டாக்டர் அவன் தோலில் ஒரு துண்டு வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், ரத்தமும் எடுத்தார். பெரிய வியாதி இல்லை என்றார். ஒட்டாது, யாருக்கும் பரவாது. ஆனால் இது ஒரு வகைப் புற்று. ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணு கெட்டுப்போய்த் தோலில் வந்து குடியேறிக்கொள்கிறது. முழுசாகக் குணமாக்க முடியாவிட்டாலும் மாத்திரையால் அடக்கிவைக்கலாம். மாசாமாசம் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரை தாங்குகிறதா, கெட்ட அணு ஏறுகிறதா இறங்குகிறதா என்று ரத்தத்தில்தான் தெரியும். தோலைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னதாகப் பரமசிவன் வந்து சொன்னான். அந்தச் சமயம் கேந்திப் பூப் பறிப்பு, முத்துமாரி அவன்கூடப் போகவில்லை.

மாத்திரை கேட்டது. இரண்டாம் மாசமே அரிப்பு பாதியாகக் குறைந்தது. பாயில் செதில் விழுவது நின்றது. முகம் கொஞ்சம் ஊதிக்கொண்டது, பசியும் கூடிப்போயிற்று. உளுந்தங்களியை இரண்டு உருண்டை தின்றுவிட்டு மூன்றாவதைப் பார்ப்பான். பரமசிவன் தேறிவிட்டான் என்று பூக்கடையில் பேசிக்கொண்டார்கள். முத்துமாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாத்திரை பாதி, தன் எண்ணெய் பாதி என்று அவள் கணக்கு.

அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு பெயர் வந்து விழுந்தது.

ரத்தம் எடுக்கிற இடத்தில் செண்பகவல்லி என்று ஒரு அம்மா இருக்கிறாள். அவள்தான் ஊசி போட்டு ரத்தம் எடுப்பது, அதைக் கண்ணாடிச் சில்லில் தடவிக் காயவைத்து, சாயம் ஊற்றி, ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது எல்லாம். பரமசிவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் டாக்டர் பேச்சைவிட அந்த அம்மாவின் பேச்சுத்தான் அதிகம் இருக்கும். செண்பகவல்லியம்மா கோவில்பட்டிக்காரவுக. செண்பகவல்லியம்மாவுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமே கிடையாது. செண்பகவல்லியம்மா, போன மாசத்துக்கு இந்த மாசம் நல்லாக் குறைஞ்சிருக்குன்னு சொன்னாவ.

ஒருநாள் சாயங்காலம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்: "ஏட்டி, அந்தக் கெட்ட அணு பாக்கதுக்கு எப்படி இருக்கும் தெரியுமா? நம்ம கோழிக்கொண்டப் பூவு கணக்கா, மடிஞ்சு மடிஞ்சு சுருண்டு இருக்குமாம். நல்ல அணு உருண்டையா இருக்குமாம்."

"அவுக கோவில்பட்டியில கோழிக்கொண்டப் பூவ எங்கன கண்டாவ?"

"பூவச் சொன்னது நான்லா. அவுக, மூளை கணக்கா மடிப்பு மடிப்பா இருக்கும்னாவ. நான் மூளைய எங்கன கண்டேன்? கோழிக்கொண்ட மாதிரியாம்மான்னு கேட்டேன். சரியாச் சொல்லுதியளேன்னு சிரிச்சாவ."

முத்துமாரியின் கை அவன் தோள்பட்டையில் அப்படியே நின்றது. பிறகு தேய்த்தாள். ஆனால் கை வழக்கம்போல் ஓடவில்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது, ஒரு கை பிச்சி மொட்டை வாழையிலையில் மடித்துத் தரச் சொன்னான். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை, அவனும் மறைக்கவில்லை. அந்தம்மா பாவம், நாள் பூரா மருந்து வாடையிலேயே கிடக்கிறாள் என்றான். முத்துமாரி மடித்துக் கொடுத்தாள். அவன் பஸ் ஏறிய பிறகு தோட்டத்துக்குப் போனவள், பறிக்க வேண்டிய வரிசையை விட்டுவிட்டுப் பறித்த வரிசையிலேயே நடந்துகொண்டிருந்தாள்.

தன் புருஷனுக்கு வேறொரு பெண்மேல் மனசு போய்விட்டதென்று அவள் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் சண்டைபோட்டுத் தீர்த்திருப்பாள். இது அதில்லை. இத்தனை வருஷம் அவன் உடம்பில் ஒரு புதுத் தடிப்பு வந்தால் அதை முதலில் அறிகிறவள் அவள். அவனே அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வான்: இன்னைக்கு எப்படி இருக்கு, முதுகுல கூடியிருக்கா. இப்போது அவன் அவளைக் கேட்பதில்லை. மாசம் ஒருதடவை எங்கேயோ ஒருத்தி ஒரு சொட்டை எடுத்து, அவன் தோலுக்கும் உள்ளே, அவள் கை எட்டாத இடத்தில் என்ன இருக்கிறதென்று பார்த்துச் சொல்கிறாள். அவன் அதை நம்பிக்கொண்டு வருகிறான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? புருஷன் பிழைக்க வழி பண்ணுகிறவள்மேல் எரிச்சல் என்றால் கேட்கிறவர்கள் காறித் துப்ப மாட்டார்களா?

ஆனி மாசம் தானும் வருவேனென்று பிடிவாதமாகக் கிளம்பினாள். கல்யாண வீட்டுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டாள். கொண்டை நிறையப் பிச்சி வைத்தாள். பரமசிவன் மேலும் கீழும் பார்த்துவிட்டு முன்னால் நடந்தான். பனவடலிசத்திரம் தாண்டி பஸ் போகும்போது காற்று மண்ணை வாரி ஜன்னல் வழியாக அடித்தது. அவள் முந்தானையால் கொண்டையை மூடிக்கொண்டே வந்தாள்.

மனசுக்குள் அவள் வரைந்து வைத்திருந்த பெண் வேறு. ரத்தப் பரிசோதனை அறையில் இருந்தவளுக்கு நாற்பது தாண்டியிருக்கும். காதோரம் நரை, தடித்த மூக்குக்கண்ணாடி, வெள்ளைக் கோட்டுப் பையில் மை கசிந்த கறை. அழகாக இருந்திருந்தால்கூட வெறுக்கச் சுலபமாக இருந்திருக்கும். வாங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, வாழையிலைப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, கொஞ்சம் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்துக்கு வைத்தாள். மிச்சத்தை ஜன்னல் கட்டையில் வைத்தாள். பின்னால் நின்ற முத்துமாரியைப் பார்த்து, வீட்டம்மாவா என்று கேட்டுச் சிரித்தாள். முத்துமாரி தலையை மட்டும் அசைத்தாள்.

பரமசிவன் முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். தோல் நெடுநாள் தடித்துக் கிடந்ததால் அவனுக்கு நரம்பு சுலபத்தில் அகப்படாது. செண்பகவல்லி அவன் முழங்கை மடிப்பில் விரலை வைத்தாள். வெறும் விரல். அழுத்தினாள், கொஞ்சம் நகர்த்தினாள், திரும்ப அழுத்தினாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஒரு அவசரமில்லை. இன்னொரு கையால் அவன் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருந்தாள். வலிக்கும் அண்ணாச்சி, பொறுத்துக்கிடுங்க என்று சொல்லி ஊசியை இறக்கினாள். பரமசிவன் கண்ணை மூடிக்கொண்டான். எண்ணெய் தேய்க்கும்போது மூடிக்கொள்கிற அதே மாதிரி.

உலகத்தில் இவனைக் கூசாமல் தொடுகிறவள் தான் ஒருத்திதான் என்று முத்துமாரி நினைத்திருந்தாள். அக்காள் தொடவில்லை, பெற்ற மகள் தொடவில்லை. இதோ ஒருத்தி, ரத்தத்திலும் இல்லாதவள், உறவிலும் இல்லாதவள், தொடுகிறாள். இதற்குச் சந்தோஷப்பட வேண்டுமென்று அவளுக்குத் தெரிந்தது. வெளியே வந்து வாகை மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் முடிவு வந்தது. கெட்ட அணு கூடியிருக்கிறதென்றார்கள். டாக்டரும் பார்த்துவிட்டு அதையே சொன்னார். பதினைந்து நாளில் திரும்ப வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். அப்போதும் கூடியிருந்தால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். அவர் கொடுத்த மாத்திரையும் அந்தப் பதினைந்து நாளைக்குத்தான்.

முத்துமாரி வீட்டுக்கு வந்து விளக்கேற்றியதும் அவனைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு முதுகு, நெஞ்சு, கால் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். ஏழெட்டு வருஷத்தில் அவன் தோல் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. வெடிப்பு மூடியிருந்தது. இடுப்பு மடிப்பில்கூடப் பழைய கறுப்பு நிறம் திரும்பியிருந்தது.

"நல்லா இருக்க ஒடம்ப, கூடியிருக்கு கூடியிருக்குன்னா என்ன அர்த்தம்?" என்றாள்.

"ரத்தத்துல கூடியிருக்காம்."

"ரத்தத்த யாரு பாத்தா? அவ ஒருத்தி பாத்தா. கண்ணாடிச் சில்லுல என்ன தெரிஞ்சுதோ அவளுக்குத்தான் வெளிச்சம். மாசாமாசம் பூவு வருதுல்லா, அத விட மனசு வருமா?"

பரமசிவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபப்படவில்லை. ஏதோ புரிந்துகொண்டவன்போல அவன் முகம் மெல்ல மாறியது.

"பெறகு என்ன செய்யணும்ங்கே?"

"போக வேண்டாம்ங்கேன். நான் பாக்கேன். தெனமும் தொட்டுப் பாக்கவளுக்குத் தெரியாதா? ஒங்களுக்கு என் கையி பெருசா, அவ கண்ணாடி பெருசா, சொல்லுங்க."

அவன் மடியில் கிடந்த சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டான். பிறகு, "சரி, நீ சொன்னாச் சரி" என்றான்.

பதினைந்து நாள் கழிந்தது, அவன் போகவில்லை. மாத்திரை தீர்ந்தது. ஆடித் தபசுக்கு ஊரெல்லாம் கூட்டம், பூவுக்குக் கிராக்கி. முத்துமாரி பூக்கடைக்கும் தோட்டத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அலுப்போடு வந்தாலும் எண்ணெயை மட்டும் விடவில்லை. முன்பு ஒருவேளை தேய்த்ததை இரண்டுவேளையாக்கினாள். அவன் மறுபடியும் அவளைக் கேட்க ஆரம்பித்தான்: எப்படி இருக்கு? நல்லாருக்கு என்பாள். அந்தச் சில நாள்கள் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பூப் பறித்தாள்.

ஆவணி பிறந்ததும் அரிப்பு திரும்பியது. முதலில் உள்ளங்கால். அவள் சும்மா வெயில் என்றாள். பிறகு முதுகு பூராவும் கங்கு மாதிரிச் சிவந்தது. அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது; அது அவள் விரலுக்குக் கீழே நழுவியது. அதை அவனிடம் சொல்லவில்லை. மறுநாள் காய்ச்சல் அடித்தது. போர்வைக்குமேல் போர்வை போட்டும் நடுங்கினான். தோல் வழியாக உடம்புச் சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. பிச்சையா அண்ணாச்சி திருநெல்வேலிக்குப் பூ அனுப்புகிற வேனில், ஈரச் சாக்குகளுக்கு நடுவே அவனைப் படுக்கவைத்துக் கூட்டிப்போனார்.

வேனில் போகும்போதே முத்துமாரி பதில்களைத் தயார் பண்ணிக்கொண்டாள். அந்த அம்மா ஏன் வரவில்லை என்று அதட்டினால் இதைச் சொல்ல வேண்டும், ஏளனமாகப் பார்த்தால் அதைச் சொல்ல வேண்டும். செண்பகவல்லி வார்டுக்கே வந்து ரத்தம் எடுத்தாள். வீங்கிக் கிடந்த கையில் நரம்பு அகப்படவில்லை. வெகுநேரம் தேடி, கடைசியில் புறங்கையில் எடுத்தாள். அதட்டவுமில்லை, ஏளனமாகப் பார்க்கவுமில்லை. குழாயை எடுத்துக்கொண்டு போனவளின் பின்னாலேயே முத்துமாரி வராந்தாவில் நடந்தாள்.

"நாந்தான் விடல" என்றாள், அறை வாசலில் நின்றுகொண்டு.

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். உள்ளே வந்து உட்காருங்க என்று ஸ்டூலைக் காட்டினாள். சில்லில் ரத்தத்தைத் தடவினாள், காயவைத்தாள், சாயம் ஊற்றினாள், கழுவினாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு மைக்ராஸ்கோப்பின் அடிக்கண்ணாடியைத் திருப்பிவைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த நேரம் முழுதும் முத்துமாரி அவள் முகத்தையே பார்த்திருந்தாள். அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"நீங்க பாக்குதியளாம்மா?"

முத்துமாரி குனிந்தாள். முதலில் தன் கண்ணிமை மயிர்தான் கறுப்பாகத் தெரிந்தது. செண்பகவல்லி அவள் தலையை லேசாகப் பிடித்துச் சரிபண்ணினாள், திருகைத் திருப்பினாள். வெளிறிய சிவப்பு வட்டங்கள் பரவிக் கிடந்தன. அவற்றுக்கிடையே ஊதா நிறத்தில், மடிந்து மடிந்து சுருண்டு, ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. நகர்த்த நகர்த்த இன்னும்.

"இவ்வளவும் அவுக ஒடம்புலயா?"

"இது ஒரு சொட்டுதாம்மா."

"தோலு நல்லா இருந்துச்சே. நான் தெனமும் பாத்தேனே."

"நீங்க பாத்தது தப்பில்ல. மாத்திரை தோல்ல அமுக்கி வச்சிருந்துச்சு. உள்ள இது ஓடிக்கிட்டே இருந்துச்சு. வெளிய வாரதுக்கு முன்னால இங்கன தெரியும். அதுக்குத்தான் மாசாமாசம் வரச் சொல்லுதது."

முத்துமாரி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தப் பெண் எத்தனையோ மாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். சிரித்தாள், பூ வாங்கிக்கொண்டாள், இதையும் பார்த்தாள். பொறாமை அப்போதும் போகவில்லை. அதன் பக்கத்திலேயே வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

வார்டில் வெகுநாள் கிடக்க வேண்டியிருந்தது. சீழ் வைத்த புண்ணுக்கு ஊசி, காய்ச்சலுக்கு ஊசி, பிறகு புது மாத்திரை. கோமதித்தாய் ராயகிரியிலிருந்து வந்து பூத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டாள். காய்ச்சல் இறங்கி அவன் கஞ்சி குடிக்கத் தொடங்கிய ஒரு காலையில், செண்பகவல்லி எட்டிப்பார்த்து எப்படி இருக்கியன்னு கேட்டுவிட்டுப் போனாள். அவள் வருகிற காலடி கேட்டதுமே பரமசிவன் விரலால் தலைமயிரைக் கோதிவிட்டுக்கொண்டதை முத்துமாரி பார்த்தாள். சுருக்கென்றது. செண்பகவல்லி போன பிறகு அவனிடம் கேட்டாள்:

"அந்தம்மா சொன்னது நெசம்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு எதுக்குப் போகாம இருந்திய?"

அவன் கஞ்சித் தம்ளரை அவளிடம் கொடுத்தான்.

"ஒருத்தரும் தொடாத காலத்துல நீ தொட்ட. ஒனக்குன்னு நான் என்ன செஞ்சிருக்கேன்? ஒரு நல்ல சேலை எடுத்துக் குடுக்கல. நீ வாயத் தொறந்து எங்கிட்டக் கேட்டதே அது ஒண்ணுதான். எப்படி மாட்டேன்னு சொல்ல?"

அவள் தம்ளரோடு குழாயடிக்குப் போனாள். கழுவிய தம்ளரையே கழுவிக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் நின்ற பெண் சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மாசமும் தவறவிட்டதில்லை. மழையோ வெயிலோ, இரண்டுபேரும் சேர்ந்தே போனார்கள். பூப்பொட்டலத்தை அவளே மடித்தாள். தன் கையாலேயே கொடுத்தாள். கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு முள் அசையும். செண்பகவல்லி அவன் கையைத் தாங்கிப் பிடிக்கும்போது இவள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். ரத்தத்தில் குறைந்துகொண்டே வந்தது. தோலும் மெல்ல மெல்ல அடங்கியது. தை மாசம் அவன் மறுபடி பிச்சி பறித்தான். மொட்டில் கறை ஒட்டவில்லை.

சித்திரையில் ஒரு தடவை போயிருந்தார்கள். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வெக்கை. முந்தின நாள் கரண்டு நேரங்கெட்ட நேரத்தில் வந்ததால் அவன் தண்ணீர் பாய்ச்சிவிட்டுச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. அவள் மடியில் தலையை வைத்துப் படுத்தவன் அப்படியே உறங்கிப்போனான். முத்துமாரி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவன் கழுத்துத் தோல் மழமழவென்று இருந்தது. காதுக்குப் பின்னால் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடிப்பு இல்லை.

செண்பகவல்லி வெளியே வந்தாள். வழக்கமாக அவனிடம்தான் சொல்வாள். அவன் உறங்குவதைப் பார்த்துவிட்டு நின்றாள். பிறகு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி முத்துமாரியிடம் சொன்னாள்.

"கூடியிருக்கும்மா. போன மாசத்துக்கு ரொம்பக் கூடுதல். ரெண்டு சில்லு போட்டுப் பாத்துட்டேன். டாக்டர் கிட்டச் சொல்லிட்டேன், மருந்த மாத்துவாவ."

முத்துமாரி அவளைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் இப்போதும் எதுவும் தெரியவில்லை. ஆனால் எழுந்துபோகாமல் இன்னும் கொஞ்சநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டுபேரும் உறங்குகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து யாரோ கூப்பிட்டதும்தான் செண்பகவல்லி எழுந்து போனாள்.

அவனைப் பற்றி அவனுக்கே தெரியாத ஒன்று இப்போது முத்துமாரியிடம் இருந்தது. இத்தனை நாள் எதற்காக எரிந்துகொண்டிருந்தாளோ அது. மடியில் அவன் தலை கனத்தது. இந்த நிமிஷம் இவன் நன்றாக இருக்கிறான். எழுப்பிச் சொன்னால் அப்படி இருக்க மாட்டான். சொல்லாமல் இன்னும் கொஞ்சநேரம் விசிறிக்கொண்டிருக்கலாம். மாசாமாசம் ஒவ்வொரு பெஞ்சாக வந்து நின்று, ஒவ்வொரு ஆளிடமும் இதைச் சொல்லிவிட்டு, திரும்பப் போய் அடுத்த சில்லை வைத்துப் பார்க்கிற அந்தப் பெண் ராத்திரி வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவாள் என்று நினைத்தாள். அந்த வேலை தனக்கு வேண்டாமென்று இருந்தது.

அவன் தானாகவே கண்விழித்தான். அவள் முகத்தைக் கீழிருந்து பார்த்தான்.

"வந்து சொன்னாவளா?"

"சொன்னாவ. கூடியிருக்காம். நெறையக் கூடியிருக்கு. மருந்து மாத்துவாவளாம்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அழுவானோ என்று பயந்தாள். அவன் அழவில்லை.

"இனி நீயே கேட்டுச் சொல்லுட்டி" என்றான். "அவுக சொன்னா நெஞ்சு பதறுது. நீ சொல்லும்போது, கிணத்துல தண்ணி இறங்கிட்டு, ஒரு முழம் தோண்டணும்னு சொல்லுத மாதிரி இருக்கு. சரி, தோண்டுவோம்னு தோணுது."

முத்துமாரி அவன் சட்டைக் காலரைச் சரிபண்ணிவிட்டாள். பிறகு எழுந்து, சேலையை உதறிவிட்டுக்கொண்டு, அடுத்து என்றைக்கு வர வேண்டுமென்று கேட்பதற்காகச் செண்பகவல்லியின் அறைக்குள் போனாள்.